இரண்டு நாள் காவா

அந்த வருஷம் மழை எங்களை விடவில்லை. பெந்தெகொஸ்தே தீவின் கிழக்குச் சரிவில் குடியிருப்பவர்களுக்கு மழை புதிதல்ல. ஆனால் இடித்துக் கரைத்துக் குடிக்கிற காவா வேரைத் தோண்டி, தோல் சீவி, நறுக்கிப் பாயில் பரப்புகிற மாதங்களிலாவது மேகம் கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்த வருஷம் நிற்கவில்லை. எங்கள் ஊர் லோல்பராவில் பாதி வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி வேரைக் காய வைத்தார்கள். ஊர் முழுக்கப் புகையும் ஈரமும் காவாவின் மிளகு வாசனையும்தான். துவைத்து உடுத்தின துணிகூட அப்படித்தான் மணந்தது.

கப்பலுக்குப் போகிற காவா எதுவானாலும் முதலில் என்னிடம் வர வேண்டும். ஆண்கள் கூடிக் குடிக்கிற கொட்டகையை நாங்கள் நகமல் என்போம். அதற்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை, ஒரு மேசை, நாலு சாடி, கொஞ்சம் கண்ணாடிக் குழாய். அதுதான் என் சோதனைக்கூடம். நான் லுகன்வில் நகரத்துக்காரி. தலைநகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தேன். கட்டிக்கொண்டவர் கப்பல் கப்பலாக ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார். நான்தான் ஊரோடு ஒட்டிக்கொண்டேன்.

என் வேலையைப் பற்றி ஊரில் நல்ல வார்த்தை சொன்னவர் கிடையாது. நல்ல காவா குடித்தால் மனசு அடங்கும், காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போகலாம். இரண்டு நாள் காவா என்று இன்னொரு சாதி இருக்கிறது. அதைக் குடித்தவன் இரண்டு நாளைக்குத் தலையைத் தூக்க மாட்டான், குமட்டிக்கொண்டே கிடப்பான். ஆனால் அது மளமளவென்று வளரும், வேரும் பெரிதாக விடும். அதனால் கலந்துவிட ஆசை வரும். கப்பலில் ஏற்றக் கூடாது என்று சட்டம். நறுக்கிக் காய வைத்துவிட்டால் இரண்டும் ஒரே பழுப்பு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பொடி செய்து அசிட்டோனில் போட்டுக் குலுக்கித் தெளிய விட்டால்தான் குட்டு வெளிப்படும். நல்லது மஞ்சளாக நிற்கும், மற்றது சிவந்துவிடும். சிவந்தால் அந்த வீட்டுக்காரன் என்னோடு சண்டைக்கு வருவான். குழாய் அழுக்கு என்பான், என் கண் கோளாறு என்பான், என் மாமியார் வரைக்கும் போவான்.

சீலாஸ் மூட்டையைக் கொண்டுவந்தது ஒரு மதியம். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. ஊரிலேயே கைராசியான காவாக்காரன். அவன் மூட்டையை நான் பேருக்குத்தான் சோதிப்பது வழக்கம்.

"என்ன மதினி, இன்னிக்கு எத்தனை குடும்பத்தைக் கெடுத்தாச்சு?" என்றான்.

"உன்னுதுதான் பாக்கி. இறக்கு."

"எங்கப்பன் காலத்துச் செடி. நீ மண்டி போட்டுல்ல கும்பிடணும்."

"கும்பிட்டுக்கிட்டே பாக்குறேன். நீ போ, வேலையைப் பாரு."

போகவில்லை. மூட்டையைப் போட்டதும் கிளம்பிவிடுகிறவன் அன்றைக்குக் கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். மழை விடக் காத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

குழாய் சிவந்தது. வேறு யாருடைய பொடியோ ஒட்டியிருக்கும் என்று கழுவி, மூட்டையின் அடியிலிருந்து இன்னொரு பிடி எடுத்து மறுபடி போட்டேன். மறுபடியும் சிவந்தது. எனக்கு நம்ப மனசு வரவில்லை. தகட்டை எடுத்தேன்.

உள்ளங்கை அகலத் தகடு, ஒரு பக்கம் வெள்ளைப் பொடி பூசியிருக்கும். அடியில் பென்சிலால் கோடு போட்டு, மயிரிழைக் குழாயால் சீலாஸ் காவாவில் ஒரு பொட்டு, பக்கத்தில் நல்ல காவாவில் ஒரு பொட்டு, அதற்குப் பக்கத்தில் இரண்டு நாள் காவாவில் ஒரு பொட்டு வைத்தேன். சாடியில் கொஞ்சம் கரைப்பானை ஊற்றி அதில் தகட்டை நிற்க வைத்து மூடினால், கரைப்பான் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தகட்டில் ஊறி ஏறும். ஏறுகிறபோது பொட்டில் கலந்து கிடக்கிறதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் தன்னால் முடிந்த உயரம் வரைக்கும் போய் நின்றுவிடும். ஒன்றாகக் கிடந்ததெல்லாம் மேலும் கீழுமாகப் பிரிந்து தனித்தனியாகத் தெரியும். புற ஊதா விளக்கில் காட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் காவாவுக்கு மட்டும் உச்சிக்குக் கொஞ்சம் கீழே தடித்த கரும்பொட்டு ஒன்று வரும். சீலாஸ் வரிசையிலும் அது இருந்தது. சற்று வெளிறி இருந்தது. முழுக்க அதே அல்ல, நல்ல காவாவோடு கலந்திருக்கிறது.

"சீலாஸ், இதுல இரண்டு நாள் காவா இருக்குப்பா."

"அப்படியா" என்றான்.

அவ்வளவுதான். எழுந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்தான். அந்த அறையில் சண்டை போடாமல் போன முதல் ஆள் அவன்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

காவா சிவந்த வீட்டின் தோட்டத்தை நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், செடிக்குச் செடி வேர் நறுக்கி எடுத்துச் சோதிக்க வேண்டும், கெட்ட சாதி எதுவோ அதைப் பிடுங்கச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை சீலாஸ் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ரொலின் வாசலில் உட்கார்ந்து சேப்பங்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள். லப்லப்புக்கு. துருவலை வாழை இலையில் பரப்பித் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி, சுட்ட கல்லுக்குள் புதைத்து வேகவைப்பது. பத்துப் பேருக்கு ஆகிற அளவு துருவி வைத்திருந்தாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். மகள்கள் இருவரும் கல்யாணமாகி வேறு தீவுக்குப் போய்விட்டார்கள்.

"வாங்கக்கா. சிவந்துருச்சாமே?"

"யார் சொன்னா?"

"அவரு சொல்லல. மூஞ்சி சொல்லுச்சு. சாப்பிட்டுட்டுப் போய்ப் பாருங்க, தோட்டம் எங்கயும் ஓடிராது."

சாப்பிட்டோம். ரொலின் வீட்டு லப்லப்பைச் சாப்பிடாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. சீலாஸ் இலையைப் பார்த்தே தின்றான். ரொலின் மட்டும் கோழியைப் பற்றியும் வழுக்குகிற படியைப் பற்றியும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். மகன் போன பிறகு அவள் அப்படித்தான்.

அவர்கள் மகன் அலிக் இறந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். காவா மூட்டை ஏற்றிக்கொண்டு துறைக்கு இறங்குகிற லாரியில் மேலே உட்கார்ந்து போனான். சேற்றில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டியவன் ரொலினுடைய தம்பி ஹோசியா. மேட்டுக்கு அந்தப் பக்கம் வனுமே ஊர்க்காரன். பையனுக்குத் தாய்மாமன். பையனைத் தோளில் தூக்கி வளர்த்ததே அவன்தான். அவனுக்கு ஒரு கால் போனது, பையனுக்கு உயிர் போனது.

சீலாஸ் கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டைத் தாண்டக் கிளம்பினான். ரொலின்தான் வாசலில் குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டாள், முடிந்தால் என்னை மிதித்துக்கொண்டு போ என்று. அப்புறம் இரண்டு ஊர்த் தலைவர்களும் பேசி முடித்தார்கள். வளைந்த கோரைப்பல்லுள்ள பன்றி வந்தது, சிவப்புப் பாய்கள் வந்தன, நடுவதற்குக் காவாக் குச்சிகள் வந்தன. எங்கள் பக்கத்து வழக்கம் அது. சமாதானக் காவாவை இரண்டு பக்கத்து ஆண்களும் சேர்ந்து செத்தவனின் குழி ஓரத்தில் நடுவார்கள். அது முற்றுகிற வரைக்கும் பகை தூங்க வேண்டும். முற்றியதும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டால், பிறகு அந்தப் பேச்சை யாரும் எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது. அதை விற்கவும் கூடாது. விற்றதாக யாரும் கேள்விப்பட்டதும் இல்லை.

அதனால்தான் மூட்டையில் அது கலந்திருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. சரிவு முழுக்க ஏறி இறங்கினேன். அட்டை பாதி ரத்தத்தைக் குடித்துவிட்டது. ஒவ்வொரு தூறாகத் தோண்டி, வேர் நுனியை நறுக்கி, பையில் போட்டுத் துணியால் கட்டினேன். சீலாஸ் பின்னாலேயே வந்தான், கேட்ட இடத்தில் மண்ணைக் கிளறிக் கொடுத்தான். அறைக்கு வந்து அடுப்போரத்தில் உலர்த்தி எல்லாவற்றையும் போட்டேன். ஒன்று விடாமல் மஞ்சள். தகட்டிலும் பார்த்தேன், சுத்தமான காவா. அவன் அப்பனுடைய செடிகளில் குற்றம் இல்லை.

அப்படியானால் மூட்டையில் வந்தது எங்கிருந்து? திரும்பவும் அவன் வீட்டுக்குப் போனேன்.

"சீலாஸ், உன்கிட்ட வேற செடி ஏதாச்சும் இருக்கா?"

"எல்லாத்தையும்தான் பாத்தியே மதினி."

"எல்லாத்தையும் பாக்கல போலிருக்கே."

அவன் வீட்டுக்குப் பின்பக்கம் நடந்தான். நானும் போனேன். அலிக்கின் குழிக்குச் சுற்றிப் பவளக்கல் பதித்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் நாலைந்து தூறு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றன. இரண்டு தூறு இருந்த இடத்தில் புதிதாக மண் மூடியிருந்தது. தண்டில் கணுவுக்குக் கணு கரும்புள்ளி. இலையைத் திருப்பித் தடவினேன், சொரசொரத்தது. குழாயும் வேண்டாம், தகடும் வேண்டாம். நகரத்தில் பிறந்த எனக்கே பார்த்தவுடன் தெரிந்தது.

"இது இரண்டு நாள் காவா."

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"குச்சியைக் கையில வாங்கினப்பவே. கணுவைத் தடவினாத் தெரியாதா மதினி? குருடனுக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்யா நட்ட?"

"எம் பொண்டாட்டி பக்கத்துல நின்னா. அவ மூஞ்சியப் பாத்தேன். நான் அந்தக் குச்சிய அவ தம்பி மூஞ்சியில எறிஞ்சிருந்தா ரெண்டு ஊரும் அங்கயே வெட்டிக்கிட்டுச் செத்திருக்கும். அவளுக்குப் பொறந்த வீடு இல்லாமப் போயிருக்கும். சரின்னு குழியத் தோண்டினேன்."

"சரி, நட்ட. மூட்டைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான்தான் கலந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் தூறின் அடியில் முளைத்திருந்த புல்லைக் குனிந்து பிடுங்கிக்கொண்டே பேசினான்.

"அடுத்த மாசம் இதைக் குடிக்கணும். குடிச்சுட்டா அதோட முடிஞ்சுச்சு, வாயைத் திறக்கக் கூடாது. அஞ்சு வருசமாக் களை பிடுங்குறேன் மதினி. எம் மவனுக்கு இதுதான் மதிப்பா, பன்னிக்குக்கூட ஊத்தாத காவாவான்னு கேட்டுக்கிட்டேதான் பிடுங்குறேன். நான் சொன்னா எம் பொண்டாட்டிய நானே வெட்டின மாதிரி. அதான் உன் குழாய் சொல்லட்டும்னு விட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பையை அவன் மேல் எறிந்துவிட்டேன். "உன் சண்டைக்கு நான்தான் கெடைச்சேனா? நாளைக்கு வனுமேக்காரன் வந்து என் கூரையில தீய வெப்பான். அன்னிக்கும் இப்படித்தான் குனிஞ்சு புல்லு பிடுங்குவியா?"

"கத்தாதீங்கக்கா" என்று பின்னாலிருந்து ரொலின் குரல் கேட்டது. கையில் விறகுக் கட்டோடு எவ்வளவு நேரமாக நின்றாளோ. சீலாஸ் நிமிர்ந்தான்.

"எனக்கும் அன்னிக்கே தெரியும்" என்றாள் அவள். "நானும் காவாத் தோட்டத்துல பொறந்தவதான்."

விறகை அடுப்படியில் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள். மழை ஈரத்தில் குப்பை எழும்பவில்லை, இருந்தும் பெருக்கினாள்.

நான் தலைவர் தாரியிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியாது. அவர் நல்ல மனுஷன், ஆனால் எதையும் ஒரு பன்றியில் முடித்துவிடலாம் என்று நம்புகிறவர். வனுமேக்கு ஆள் அனுப்பினார். அடுத்த மாதம் வரை தள்ள வேண்டாம், காவாவை இப்போதே தோண்டி வைத்துக்கொண்டு பேசுவோம், ஹோசியா வரட்டும் என்றார்.

அந்த நாட்களில் ஊர்ப் பேச்செல்லாம் சீலாஸ் வீட்டைச் சுற்றித்தான் நடந்தது. கிணற்றடியில் ஒரு கிழவர், பையன் உயிருக்கு ஈடாக இரண்டு நாள் காவா கொடுத்தவனை நகமலுக்குள் விடக் கூடாது என்றார். இன்னொருவர், அதை ஐந்து வருஷம் பேசாமல் வளர்த்தவனை என்ன செய்வது என்று கேட்டார். கத்தி தீட்டுகிற சத்தம் சில வீடுகளில் கேட்டது. காவா நறுக்கத்தான் தீட்டினார்கள், ஆனாலும் நான் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் படுத்தேன். ரொலின் யாருக்கும் முகம் கொடுக்காமல் கிழங்கு துருவினாள். தம்பிக்கு ஒன்று ஆனாலும் அவளுக்குப் போச்சு, புருஷனுக்கு ஒன்று ஆனாலும் அவளுக்குப் போச்சு. அவள் கைவிரலில் துருவலோடு தோலும் போயிருந்ததை நான்தான் பார்த்துத் துணி சுற்றிவிட்டேன்.

ஹோசியா மேட்டைத் தாண்டித் தனியாகத்தான் வந்தான். ஊன்றுகோலோடு, முழங்கால் வரை சேறு. அவன் ஊர்த் தலைவர்கூட வரவில்லை. செத்தவனுக்கு முன்னால்தான் இதைப் பேச வேண்டும் என்பதால் குழிக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தோண்டிக் கழுவிய வேர் ஒரு குவியலாகக் கிடந்தது.

தாரி தொண்டையைச் செருமினார். "ஹோசியா, இது என்ன காவான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"குடுத்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

சீலாஸ் பக்கத்தில் நின்ற இளந்தாரிகள் முன்னால் வந்தார்கள். தாரி கையைக் காட்டி நிறுத்தினார். "அப்ப ஏன் குடுத்த? சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

ஹோசியா தரையைப் பார்த்தபடி பேசினான். "வேற இல்ல, அதான் குடுத்தேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து தினம் ஒரு தூறு பிடுங்கினேன். முத்தினது, முத்தாதது எல்லாத்தையும். பகல்லயே இடிச்சுக் குடிச்சேன். குடிக்காட்டி அந்த எறக்கம்தான் கண்ணுக்கு முன்னால நிக்கும். தலைவருங்க காவா கொண்டான்னு சொன்னப்பத் தோட்டத்துல போய் நின்னேன். யாரும் தொடாத இந்தக் காவா நின்ன மூலைதான் மிச்சம் இருந்துச்சு. அடுத்த வீட்டுல கேக்கலாம்தான். எதுக்குன்னு கேட்டா எம் மருமவனைக் கொன்னதுக்குன்னு சொல்லணும். வாய் வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான் சீலாஸ். ஐந்து வருஷத்தில் அவனோடு பேசிய முதல் பேச்சு.

"நீங்க பாத்தவொடனே என் தலையில அடிப்பீங்கன்னு நெனச்சுத்தான் மச்சான் வந்தேன். அடிங்கன்னுதான் வந்தேன். நீங்க பேசாம வாங்கி நட்டுட்டீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

தாரிக்கு மூச்சு வந்தது. "சரி, சரி. ஹோசியா ஒரு பன்னியும் நல்ல காவாவும் கொண்டாரட்டும். இந்தச் சனியனக் கொளுத்திட்டு நல்லதைக் குடிங்க. முடிஞ்சுச்சு."

"இல்ல" என்றான் சீலாஸ். "நான் வளத்தது இதைத்தான். இதைத்தான் குடிக்கணும்."

"நானே குடிக்கிறேன், முழுசும்" என்றான் ஹோசியா. "குடுத்தவன் நான்."

"நீ யாரு முழுசும் குடிக்க? எம் மவன் குழியில முளைச்சது."

இதென்ன கூத்து என்று எனக்குத் தலை சுற்றியது. நகமலில் போட்டி போட்டுக் குடிக்கிற வம்பு மாதிரியே ஆகிவிட்டது. ஹோசியா யார் சொல்லையும் கேட்காமல் உட்கார்ந்து, பவளக்கல்லால் வேரைத் தேய்த்தான். தண்ணீர் விட்டுப் பிசைந்தான், தென்னை நாரில் வடித்தான். மரத்தொட்டியில் சேற்று நிறத்தில் அது நின்றது. இரண்டு சிரட்டை வைத்தார்கள்.

அப்போது ரொலின் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். எங்கள் ஊரில் ஆண்கள் காவா குடிக்கிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான்கூட வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். அவள் நேராகப் போய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது, எந்திரி" என்றார் தாரி.

"பன்னி வந்துச்சு, யாருக்கு வந்துச்சு?" என்று அவள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "இவருக்கு வந்துச்சு. பாயி யாருக்கு? இவரு அண்ணன் தம்பிக்கு. காவாக் குச்சி யாரு கொண்டாந்தது? எந் தம்பி. யாரு வாங்கினது? எம் புருஷன். நான் எந்தப் பக்கம் நின்னேன் தெரியுமா தலைவரே? ரெண்டு பக்கமும் சமைச்சேன். வந்தவங்களுக்கும் போட்டேன், இருந்தவங்களுக்கும் போட்டேன். நீ பெத்தவளாச்சே, உனக்கு என்ன வேணும்னு ஒரு ஆளு கேக்கல. குடுக்குற பக்கத்துக்காரிக்கு வாங்குற உரிமை இல்ல, வாங்குற பக்கத்துக்காரிக்குத் தனியா எதுக்கு. அப்படித்தானே?"

ஒரு சிரட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இவருக்குக் கோவத்தை வளக்க ஒரு செடி கெடைச்சுது. அவனுக்கு வெட்கத்தை வளக்க அதே செடி கெடைச்சுது. நான் தூங்கி அஞ்சு வருசம் ஆச்சு."

சிரட்டையில் மொண்டு குடித்தாள். சீலாஸ் கையைப் பிடித்தான், உதறினாள். இரண்டாவது மொண்டாள். ஹோசியா "அக்கா, வேணாம்க்கா, அக்கா" என்று தவழ்ந்து வந்தான். மூன்றாவதையும் குடித்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தாள். அது குழியின் கல்லிடுக்கில் ஓடி மண்ணில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் கண் சொருகியது. நானும் சீலாஸும் சேர்ந்து வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம்.

எனக்குப் பயம்தான். காவா குடித்துப் பழகாத உடம்பு. நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தாள், துடைத்துவிட்டேன். இளநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் விழுங்கினாள். மறுநாள் காலையில் மூச்சு சீராக வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. செத்த பிணம் மாதிரித் தூங்கினாள். கூரையில் மழை அத்தனை சத்தம் போட்டும் புரளவில்லை.

ஹோசியா ஊருக்குத் திரும்பவில்லை. போகச் சொல்லவும் ஆள் இல்லை, இருக்கச் சொல்லவும் ஆள் இல்லை. வாசலோரம் உட்கார்ந்திருந்தான். பன்றிக்குத் தேங்காய் உடைத்துப் போட வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், கல்லைச் சுட வேண்டும். அந்த வீட்டில் இதையெல்லாம் யார் செய்கிறார் என்று சீலாஸுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். கிழங்கைத் துருவத் தெரியாமல் துண்டு துண்டாக வெட்டிச் சட்டியில் போட்டான். ஹோசியா நொண்டிக்கொண்டே போய் விறகை ஊதினான்.

"உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டான் ஹோசியா.

"நீ போடலையா?"

"நான் எதுக்குப் போடப் போறேன், சட்டி உங்ககிட்டல்ல இருக்கு."

"எங்க வெச்சிருக்காளோ."

இரண்டு பேரும் அடுப்படியைக் கிளறினார்கள். உப்பு கிடைக்கவில்லை. உப்பில்லாத, பாதி வெந்த கிழங்கை மூன்று பேரும் தின்றோம். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குள் வேறு பேச்சும் இல்லை. சமாதானம் ஆனதா என்று தாரி ஆள்விட்டுக் கேட்டார். எனக்கு என்ன தெரியும், நீங்களே வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்கும் மறுநாள் சாயங்காலம் ரொலின் அசைந்தாள். சீலாஸ் தலைமாட்டில் இருந்தான். ஹோசியா கதவுக்கு உள்ளே வந்து உட்கார்ந்து, காலை நீட்டிக் கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறந்தாள், ஆனால் பார்வை எங்கள் மேல் நிற்கவில்லை. இன்னும் காவாவுக்குள்தான் இருந்தாள். முகத்தில் பழைய தெளிவு ஒன்று வந்தது. நான் அதைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

"அலிக் சாப்பிட்டானா?" என்றாள்.

சீலாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் அவள் கையைத் தடவி, தூங்கு, தூங்கு என்றேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. "மழையில நனைஞ்சுக்கிட்டு வந்திருப்பான். சாப்பிட்டானான்னு கேக்குறேன்ல" என்றாள் மறுபடி.

ஹோசியா கத்தியைக் கீழே வைத்தான். கோலைத் தேடாமல், கையை ஊன்றி நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் வந்தான்.

"இல்லக்கா" என்றான். "அலிக் செத்துட்டான். லாரி கவுந்து செத்துட்டான். நான்தான்க்கா ஓட்டினேன்."

அவள் பார்வை மெதுவாக வந்து அவன் முகத்தில் நின்றது. தெளிந்துகொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்திருந்த என் விரல்கள் வலிக்கிற அளவுக்கு அவள் இறுக்கினாள். அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான்.